யார் முன்னால், யார் பின்னால்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் சி.டி. ஸ்கேன் தரவைக் கண்ணாடிப் பொம்மை மாதிரி ஊடுருவிப் பார்ப்பது பற்றி, அதாவது வால்யூம் ரெண்டரிங் பற்றி, ஒரு பதில் எழுதியிருந்தேன். "ஸ்கேன் சரி, எங்கள் மெஷ் கோணல்மாணலாக இருக்கிறதே, அதற்கு என்ன வழி?" என்று ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. மெஷ் என்றால் கணக்குப் போடவேண்டிய இடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் வலை; நான்கு முக்கோண முகங்கள் கொண்ட துண்டுதான் நான்முகி. இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே. பேட்டரி, வைஃபை கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: காற்றோட்டக் கணக்குக்காக 20 லட்சம் நான்முகிகள் கொண்ட மெஷ் வைத்திருக்கிறேன். பாராவியூ என்ற படம் காட்டும் மென்பொருளில் மேற்பரப்பை மட்டும் பார்த்தால் பம்பரமாகச் சுற்றுகிறது. 'வால்யூம்' என்று மாற்றிவிட்டு மவுஸை அசைத்தால் படம் வர இரண்டு மூன்று விநாடி ஆகிறது. கடன் வாங்கிப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் முன்னேற்றம் இல்லை. கார்டில் கோளாறா சார்? – ஆராய்ச்சி மாணவர், கோவை

பதில்: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மெஷ்ஷைச் சுற்றிக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், ஜிபியு கோடு தரையோடு படுத்துக் கிடக்கும், சிபியுவில் ஒரே ஒரு கோர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் பார்வைக் கோணத்தை ஒரு டிகிரி மாற்றினாலும் அந்த 20 லட்சம் நான்முகிகளில் எது கண்ணுக்குத் தூரம், எது கிட்டம் என்று சிபியு மறுபடியும் முதலிலிருந்து வரிசைப்படுத்துகிறது. அது முடிந்த பிறகு ஒவ்வொரு நான்முகியும் திரையில் எந்த வடிவத்தில் விழும் என்று பார்த்து மூன்று அல்லது நான்கு முக்கோணங்களாக வெட்டுகிறது. ஒரு நான்முகிக்கு நான்கைந்து புள்ளி என்று வையுங்கள், 80 லட்சத்திலிருந்து ஒரு கோடிப் புள்ளிகள் வரை ஒவ்வொரு முறையும் கார்டுக்குப் போய்ச் சேரவேண்டும். கார்டு அவற்றை வரைவது கண் சிமிட்டும் நேரம். கல்யாண வீட்டில் பரிமாற இருபது பேர் நிற்கிறார்கள், அடுப்படியில் ஒரே ஒரு சமையல்காரர் என்றால் பந்தி எப்படி நகரும்?

பாராவியூவில் நான்முகி மெஷ்ஷுக்கு வரும் 'ப்ரொஜெக்டட் டெட்ரா' முறையின் குணம் இது. மேற்பரப்பு மட்டும் என்றால் வரிசை தேவையில்லை, புள்ளிகள் ஒருமுறை கார்டுக்குப் போனால் அங்கேயே தங்கிவிடும், அதனால்தான் அது பம்பரமாகச் சுற்றுகிறது.

உடனடியாக என்ன செய்யலாம் என்றால், முதலில் தேவையில்லாத இடத்தை வெட்டி எறியுங்கள். காற்றோட்டக் கணக்குகளில் இறக்கையிலிருந்து வெகுதூரம் வரை மெஷ் போட்டிருப்பீர்கள், அங்கே பார்க்க ஒன்றுமே இராது. ஒரு பக்கத்தை வெட்டும் 'கிளிப்', குறிப்பிட்ட மதிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும் 'த்ரெஷோல்ட்' இரண்டையும் பயன்படுத்தினால் பாதிக்கு மேல் குறைந்துவிடலாம். திருப்பிப் பார்த்து நல்ல கோணம் தேடுவதற்கு மட்டும் 'ரீசாம்பிள் டு இமேஜ்' மூலம் ஒரே அளவுக் கட்டங்களாக மாற்றிய கரட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு, கோணம் கிடைத்ததும் அசல் மெஷ்ஷில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். நிரலாக்கம் தெரியுமென்றால் வரிசைப்படுத்தும் வேலையைக் கார்டிலேயே செய்துவிடுங்கள், இன்றைய ஜிபியுவுக்கு 20 லட்சம் எண்களை ரேடிக்ஸ் முறையில் (இலக்கம் இலக்கமாகப் பார்த்து) அடுக்குவது சில மில்லி விநாடி வேலை. கடனுக்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஸ்கேன் மாதிரி ஒரே அளவுக் கட்டங்களாக மாற்றிவிட்டால் பிரச்சினையே தீர்ந்ததே? எதற்கு இந்த நான்முகித் தலைவலி? – மென்பொருள் ஊழியர், பெங்களூரு

பதில்: நல்ல யோசனை, பல நேரம் அதுவே போதும், மேலே கோவைத் தம்பிக்கும் பாதி அதைத்தான் சொன்னேன். ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். ஸ்கேன் தரவு புள்ளிக் கோலம் மாதிரி, எட்டாவது வரிசை ஐந்தாவது புள்ளி என்றால் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஒழுங்கற்ற மெஷ்ஷில் புள்ளிகள் தேவைப்பட்ட இடத்தில் நெருக்கமாகவும் மற்ற இடத்தில் பரவலாகவும் கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் முகவரி எழுதி வைக்கவேண்டும். ஏன் அப்படிப் போடுகிறார்கள்? இறக்கையை ஒட்டிய காற்றுப் படலத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் வேகம் தலைகீழாக மாறும், பத்து மீட்டர் தள்ளி ஒன்றும் மாறாது. பத்து மீட்டர் பெட்டியை ஒரு மில்லிமீட்டர் கட்டங்களாக்கினால் ஒரு பக்கத்துக்கு 10,000, மொத்தம் ஒரு லட்சம் கோடிக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு 4 பைட் என்றாலும் 4 டெராபைட். அதே தகவலைச் சில பத்து லட்சம் நான்முகிகளில் பொறியாளர் அடக்கி வைத்திருக்கிறார். சரி, ஒரு பக்கத்துக்கு 512 கட்டம் கொண்ட பெட்டி போதும் என்று சுருக்கினால் 512 எம்பிதான், கார்டு சிரித்துக்கொண்டே வரையும், ஆனால் ஒரு கட்டம் 2 சென்டிமீட்டர் ஆகிவிடும். பார்க்கத் தவம் கிடந்த படலம் ஒரே கட்டத்துக்குள் கரைந்துபோகும், படம் மட்டும் அழகாக இருக்கும். அழகான தப்புப் படத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

நடுவழி ஒன்று உண்டு, இறக்கையின் நுனியைச் சுற்றி மட்டும் சின்னப் பெட்டி போட்டு அதை மட்டும் மாற்றுவது. பெட்டிக்கு வெளியே என்ன நடக்கிறது என்று யாரும் கேட்காதவரை ஓடும்.

கேள்வி: வரிசை வரிசை என்று பயமுறுத்துகிறீர்கள். கேம்களில் லட்சக்கணக்கான முக்கோணங்களைக் கலைத்துப் போட்டு அனுப்பினாலும் கார்டு சரியாகத்தானே வரைகிறது? இசட் பஃபர் எதற்கு இருக்கிறது? – கேம் டெவலப்பர், சென்னை

பதில்: இசட் பஃபர் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: "ஏற்கெனவே இருப்பவரைவிட நீ கிட்டமா?" ஆம் என்றால் பழையவர் வெளியே. சுவருக்கும் காருக்கும் அது போதும். ஊதுபத்திப் புகைக்குப் போதாது, ஏனென்றால் அங்கே யாரும் வெளியே போகக் கூடாது, முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைக் கொஞ்சம் மறைத்து, கொஞ்சம் விட்டு, அப்படியே அடுக்கடுக்காகச் சேரவேண்டும். சிவப்புப் புகையை நீலப் புகைக்கு முன்னால் வைப்பதும் பின்னால் வைப்பதும் ஒரே நிறம் தராது. உங்கள் கேமிலேயே கண்ணாடி, தண்ணீர், புகை வந்தால் தனியாக வரிசைப்படுத்தித்தானே வரைகிறீர்கள்? அங்கே இருநூறு முந்நூறு துண்டு இருக்கும். இங்கே எல்லாமே புகை.

இதில் இன்னொரு வில்லங்கம், சில நேரம் சரியான வரிசையே கிடையாது. பழைய அட்டைப்பெட்டியை டேப் இல்லாமல் மூட நான்கு மடிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்று செருகுவோமே, அதில் எது மேலே, எது கீழே? ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேலே, இன்னொன்றுக்குக் கீழே. நான்முகிகளும் இப்படி ஒன்றையொன்று சுற்றி மறைத்துக்கொள்ளும், அப்போது எந்த அடுக்கும் தப்பு. பீட்டர் வில்லியம்ஸ் 1992இல் ஒரு வழி எழுதினார்: இரண்டு நான்முகிகள் ஒரு முகத்தைப் பகிர்ந்தால், அந்த முகத்தின் எந்தப் பக்கத்தில் கண் இருக்கிறது என்று பார், அதிலிருந்து இருவருக்குள் யார் முன்னால் என்று தெரிந்துவிடும், இந்த அண்டை வீட்டு உறவுகளைத் தொடர்ந்து போனால் மொத்த வரிசையும் கிடைக்கும். அழகான முறை. வட்டமாகச் செருகிக்கொண்டவை வந்தால் அதற்கும் வழியில்லை, மெஷ்ஷில் குழியோ ஓட்டையோ இருந்தால் அண்டை வீடே இல்லாத இடத்தில் உறவு அறுந்துவிடும்.

டெலானே முறையில், அதாவது எந்த நான்முகியின் முனைகளைச் சுற்றிய கோளத்துக்குள்ளும் வேறு முனை விழாதபடி, சுத்தமாகப் போட்ட மெஷ் என்றால் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் இந்த வட்டச் சிக்கல் வராது என்பதற்கு நிரூபணமே இருக்கிறது. கண்ணிலிருந்து நான்முகியைச் சுற்றிய கோளத்தின் மையத்துக்குள்ள தூரத்தின் வர்க்கம், அதில் ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்துவிட்டு அந்த எண்ணை வைத்து அடுக்கினால் சரியான வரிசை வந்துவிடும். ஆனால் நிஜ இயந்திரத்தின் மெஷ் அவ்வளவு சுத்தமாக எங்கே இருக்கிறது?

வரிசையே வேண்டாம் என்றால் எக்ஸ்ரே மாதிரி வரையுங்கள். ஒளியை மறைப்பது மட்டும், நிறம் கிடையாது. வெறும் பெருக்கல்தான், எதை முதலில் பெருக்கினாலும் விடை ஒன்று. ஒவ்வொரு பிக்சலிலும் உச்ச மதிப்பை மட்டும் எடுப்பதும் அப்படியே. விரிசல் எங்கே, சூடு எங்கே என்று தேடுபவர்களுக்குப் பல நேரம் இதுவே போதும், யாரும் முயற்சி செய்வதில்லை.

கேள்வி: கார்டில் படம் வரைய உதவும் ஓப்பன்ஜிஎல்லில் நானே எழுதிப் பார்த்தேன். படம் வருகிறது, ஆனால் நான்முகிகளின் ஓரமெல்லாம் கொசுவலை போட்டதுபோல் கோடு கோடாகத் தெரிகிறது. மெல்லிய புகை இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. – இறுதியாண்டு மாணவி, திருச்சி

பதில்: நீங்கள் 1990இலிருந்து 2004 வரை எல்லோரும் பட்ட பாட்டை ஒரே வாரத்தில் பட்டிருக்கிறீர்கள், வாழ்த்துகள். இரண்டும் வேறு வேறு நோய், தனித்தனியாகப் பார்ப்போம்.

கோடுகளுக்குக் காரணம் இது. நான்முகியைத் திரையில் போட்டால் நடுவில் ஒரு புள்ளியில் தடிமன் அதிகம், ஓரத்தில் தடிமன் பூச்சியம். நடுப்புள்ளிக்கு மட்டும் மறைப்பைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு, இடையில் உள்ளதைக் கார்டு நேர்கோட்டில் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பீர்கள். ஆனால் மறைப்பு தடிமனோடு நேர்கோட்டில் ஏறாது, முதலில் விறுவிறு என்று ஏறி அப்புறம் சோர்ந்துபோகும், ஒன்றிலிருந்து அடுக்குக்குறிச் சார்பைக் கழித்தது அது. அந்த வித்தியாசம்தான் உங்கள் கொசுவலை. நடுப்புள்ளியின் மறைப்பை அனுப்பாமல் தடிமனை அனுப்புங்கள், மறைப்பை ஒவ்வொரு பிக்சலிலும் ஷேடரில் (கார்டில் ஓடும் குட்டி நிரல்) கணக்கிடுங்கள். நிறமும் நான்முகிக்குள் வேகமாக மாறுகிறது என்றால் அதுவும் போதாது. ஒளிக்கதிர் நுழையும் இடத்து மதிப்பு, வெளியேறும் இடத்து மதிப்பு, இடையே போன நீளம் என்ற மூன்றையும் வைத்து விடையை முன்கூட்டியே அட்டவணையாகப் போட்டு 3டி டெக்ஸ்சராக (கார்டு நேரடியாகப் படிக்கும் முப்பரிமாண அட்டவணை) கார்டில் ஏற்றிவிடலாம் என்று ரோட்கர், கிராஸ், எர்ட்ல் மூவரும் 2000ஆம் ஆண்டு காட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு 128 கட்டம் கொண்ட அட்டவணை 8 எம்பிதான். அதில் உள்ள கஷ்டம், நிறத் தேர்வை மாற்றும்போதெல்லாம் அட்டவணையை மறுபடி போடவேண்டும், பயனர் ஸ்லைடரை இழுக்க இழுக்க உங்களுக்கு வியர்க்கும்.

காலி இடத்துக்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. 8 பிட் பஃபரில் வரைகிறீர்கள். அதில் ஒரு படி என்பது 255இல் ஒன்று, கிட்டத்தட்ட 0.4 சதவீதம். குட்டி நான்முகி ஒவ்வொன்றும் 0.1 சதவீதம்தான் மறைக்கும் என்றால் ஒவ்வொன்றும் பூச்சியமாகிவிடும், ஆயிரம் பூச்சியத்தைக் கூட்டினாலும் பூச்சியம். 16 பிட் அல்லது 32 பிட் ஃப்ளோட் பஃபருக்கு மாறுங்கள், புகை வந்துவிடும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நிறத்தை மறைப்பால் ஏற்கெனவே பெருக்கி அனுப்பிவிட்டு, பிளெண்டிங்கிலும் (பழைய நிறத்தோடு கலக்கும் கட்டம்) மறுபடி பெருக்கச் சொல்லியிருக்கிறீர்களா? நான் ஒருமுறை இந்தத் தப்பைச் செய்துவிட்டு, டிரைவரில்தான் பிழை என்று மூன்று நாள் நண்பர்களிடம் சாதித்துக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் ஒரு வரியை மாற்றிவிட்டுச் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொண்டேன்.

கேள்வி: இதையெல்லாம் யார் ஆரம்பித்தது? கொஞ்சம் வரலாறு சொல்லுங்களேன். – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, 1990இல் பீட்டர் ஷர்லி, ஆலன் டக்மன் இருவரும் நான்முகியை முக்கோணங்களாக வெட்டிக் கார்டிடம் கொடுக்கும் வழியை எழுதினார்கள், இன்றைக்கும் பாராவியூவில் ஓடுவது அதன் பிள்ளைதான். அதே ஆண்டு மைக்கேல் காரிட்டி வேறு பாதை காட்டினார்: கதிரை ஒரு முகத்தின் வழியே உள்ளே விடு, எந்த முகம் வழியே வெளியேறுகிறது என்று பார், பக்கத்து நான்முகிக்குள் போ, அப்படியே மறுபக்கம் வரை நட. இந்த நடையில் வரிசை தானாக வந்துவிடும், ஆனால் அன்றைய கார்டுகளுக்கு நடக்கத் தெரியாது, முக்கோணம் போடத்தான் தெரியும். அதனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஷர்லி, டக்மன் வழிதான் ஓடியது. 2002இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தினர் வெட்டும் வேலையை வெர்டெக்ஸ் ஷேடருக்கு, அதாவது புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையாளும் கார்டு நிரலுக்கு, மாற்றினார்கள். அந்த ஷேடருக்குத் தன் புள்ளியைத் தவிர பக்கத்துப் புள்ளி தெரியாது, எனவே ஒவ்வொரு புள்ளியின் கையிலும் நான்முகியின் நான்கு முனைகளையும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு வைலர் குழுவினர் மெஷ் முழுவதையும் டெக்ஸ்சரில் வைத்து, காரிட்டி சொன்ன நடையைக் கார்டிலேயே நடக்க வைத்தார்கள், ஒவ்வொரு அடிக்கும் திரை முழுவதையும் ஒருமுறை வரையவேண்டியிருந்தாலும். 2005இல் கலகன், காம்பா, சில்வா முதலியோர் வேலையைப் பங்குபோட்டார்கள்: சிபியு முகங்களைத் தோராயமாக அடுக்கட்டும், மிச்சத்தை ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டோ ஆறோ இடம் மட்டும் உள்ள குட்டிப் பெட்டியில் கார்டு சரிசெய்துகொள்ளட்டும் என்று. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தப் பங்கீடுதான், ஒரே டெக்ஸ்சரைப் படித்துக்கொண்டே எழுதும் துணிச்சலோடு செய்தார்கள் என்றாலும்.

ஒரு வேடிக்கை. இந்தக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் நாசா மெஷ் ஒன்றில் 1,87,395 நான்முகிகள். இது எப்படி வந்தது தெரியுமா? 40×32×32 புள்ளிகள் கொண்ட வளைந்த கட்டம், அதில் 39×31×31 அறுமுகிகள், ஒவ்வொன்றையும் ஐந்தாக வெட்டினால் சரியாக இந்த எண். பத்து லட்சம் நான்முகிகள் கொண்ட டெல்டா இறக்கை மெஷ்ஷும் இதே கதைதான். ஆறுமுகனை நான்முகனாக்கி, ஒழுங்கானதை ஒழுங்கற்றதென்று சொல்லித்தான் எங்கள் துறை பல ஆண்டு போட்டி நடத்தியது.

கேள்வி: கேம்களில் வரும் ரே டிரேசிங் கோர்கள் இதற்கு உதவுமா? – ஐ.டி. நிறுவன ஊழியர், மதுரை

பதில்: உதவும், ஆனால் நேர் வழியில் இல்லை. அந்தக் கோர்களுக்குத் தெரிந்தது கதிர் எந்த முக்கோணத்தில் மோதியது என்பது மட்டும். நமக்கு வேண்டியதோ "இந்தப் புள்ளி எந்த நான்முகிக்குள் இருக்கிறது?" என்பது. இங்கோ வால்ட், வில் அஷர், நேட் மாரிகல் முதலியோர் 2019இல் செய்த குறும்பு இது: அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கதிரை விடு, முதலில் எந்த முகத்தில் மோதுகிறதோ அந்த முகத்துக்கு இந்தப் பக்கம் உள்ள நான்முகிதான் விடை. மோதலைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்த வன்பொருளிடம் முகவரி கேட்டுவிட்டார்கள். கதிர் நெடுகப் புள்ளி புள்ளியாக இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் வரிசைப் பிரச்சினையும் இல்லை, ஓட்டை உள்ள மெஷ்ஷும் பிரச்சினை இல்லை, வெளியே விழுந்த புள்ளிக்கு நிறம் சேர்க்காமல் அடுத்ததுக்குப் போய்விடலாம். காலி இடங்களை ஒரே தாவாகத் தாண்டவும் அதே கோர்கள் பயன்படும், என்னைக் கேட்டால் பெரிய லாபம் அங்கேதான். விலை என்னவென்றால் நினைவகம், கதிர் தேடுவதற்கான மர அமைப்பு மெஷ்ஷைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கும்.

பெரிய அளவில் பார்க்க ஆசை என்றால், செவ்வாயில் கலம் இறங்கும்போது எஞ்சின் புகை எப்படிச் சுழலும் என்று ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் சம்மிட் கணினியில் நாசா போட்ட கணக்கு இருக்கிறது. அதை 2019இல் டென்வர் சூப்பர்கம்ப்யூட்டிங் மாநாட்டில் என்விடியா திருப்பித் திருப்பிக் காட்டியது, தரவு 150 டெராபைட்.

கேள்வி: எனக்கு ஒரு கோடி நான்முகிகள் போதும். 8 ஜிபி கேம் கார்டு வாங்கலாமா, விலை பல மடங்கு அதிகமுள்ள வொர்க்ஸ்டேஷன் கார்டுதான் வேண்டுமா? – சிறுதொழில் முனைவர், ஓசூர்

பதில்: ஒரு நான்முகிக்கு நான்கு முனை எண்கள், நான்கு அண்டை எண்கள், மொத்தம் 32 பைட். ஒரு கோடிக்கு 320 எம்பி. முனைகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, 20 லட்சம் என்று வைத்தால் இன்னும் 32 எம்பி. மர அமைப்பு சில மடங்கு தின்றாலும் 8 ஜிபியில் தாராளமாக அடங்கும். கேம் கார்டே வாங்குங்கள். மிச்சப் பணத்தில் மெஷ்ஷை எஸ்எஸ்டியிலிருந்து படிக்க வழி செய்யுங்கள், பழைய ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தாலே தெரிகிறது.